நெடுநாள் நின்ற ஜாவா: முதலில் உதைக்காதீர்கள்

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில், மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் சாக்கு போர்த்திக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறேன். ஜாவாவோ, யெஸ்டியோ, ராஜ்தூத்தோ, ஏதோ ஒன்று. வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்த புதிதில் வீட்டுப் பெரியவர் வாங்கிய வண்டியாக இருக்கும். அவர் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துடைத்து வைத்திருப்பார். அவருக்குப் பின் யாரும் தொடுவதில்லை. பிறகு ஒரு நாள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டி வரும். பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்பார். அதே வாரத்தில் மகனோ மருமகனோ, "இதை நானே ஸ்டார்ட் பண்ணிக் காட்டுகிறேன்" என்று கிளம்புவார். எடைக்குக் கேட்பவரை வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடலாம். கிக்கரை உதைப்பவரைத் தடுப்பதற்குள் நல்ல சிலிண்டர் ஒன்று பாழாகிவிடும். ஆகவேதான் இந்தக் கட்டுரை.

நான் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, ரயில்வேயில் டீசல் ஷெட் வேலை பார்த்து, ஹூப்ளியில் ஓய்வு பெற்றவன். இரண்டு வருடங்களுக்கு முன், நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர் காலமான பின், அவர் வீட்டில் 17 வருடம் நின்றிருந்த 1968-ஆம் வருடத்து ஜாவா 250 வண்டியைச் சீர் செய்ய உதவினேன். அந்த வண்டியையே உதாரணமாக வைத்து விளக்குகிறேன். மற்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

ஜாவா செக்கோஸ்லோவாகியாவில் பிறந்த வண்டி. 1929-இல் யானெசெக் என்பவர், வாண்டரர் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளைத் தயாரிக்கும் உரிமையை வாங்கி, இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகளையும் சேர்த்து வைத்த பெயர் அது. மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-இல் தயாரிப்பைத் தொடங்கியது. 1973 முதல் யெஸ்டி என்ற பெயரில் வண்டிகள் வந்தன. 1996-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. 2018-இல் அதே ஜாவா பெயரில் மறுபடி விற்பனைக்கு வந்தது ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி. பழைய வண்டிக்கு அதன் எஞ்சின் பாகங்கள் பொருந்தா.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எப்படி மூச்சு விடுகிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ரயில்வேயில் எங்களுக்கு நன்கு பழகிய டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சின் ஃபோர் ஸ்ட்ரோக். 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன். 1999-இல் வந்த டபிள்யூ.டி.ஜி.-4 டூ ஸ்ட்ரோக். அதே 16 சிலிண்டரில் 4000 குதிரைத்திறன். அந்த வகை எஞ்சின்கள் ஹூப்ளி ஷெட்டுக்குத்தான் முதலில் வந்தன. அதைப் பார்த்தவர்கள் மோட்டார் சைக்கிள் எஞ்சினும் அதே மாதிரிதான் என்று எண்ணிவிடக்கூடாது. ரயில் எஞ்சினில் காற்றை உள்ளே தள்ளுவதற்குத் தனி டர்போ உண்டு. கீழே எண்ணெய்த் தொட்டியும் உண்டு. ஜாவாவில் இரண்டும் கிடையாது. பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறையே காற்றுப் பம்பு. பிஸ்டன் மேலே போகும்போது அந்த அறை கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் கலந்த காற்றை உறிஞ்சுகிறது; கீழே வரும்போது அதை அழுத்திப் பக்கவாட்டு வழிகளில் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். துருத்தித் தோலில் ஓட்டை இருந்தால் எவ்வளவு மிதித்தாலும் உலை எரியாது. பெட்ரோலில் கலந்த எண்ணெய்தான் கிராங்க் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் கிடைக்கும் ஒரே மசகு. வண்டி நின்றுபோனால் பெட்ரோல் ஆவியாகிவிடும். எண்ணெய் கோந்து மாதிரி ஒட்டிக்கொள்ளும். மழைக்கால ஈரம் அடியில் தங்கும்.

ஆகவே 17 வருடம் நின்ற எஞ்சினுக்குள் மூன்று விஷயங்கள் நடந்திருக்கும். ரிங்குகள் பிஸ்டன் காடியில் ஒட்டியிருக்கும். சிலிண்டர் சுவரில் துரு ஏறியிருக்கும். கனெக்டிங் ராடின் கீழ்முனை உருளைகளில் ஈரம் பட்ட இடத்தில் புள்ளி புள்ளியாக அரித்திருக்கும். இந்த நிலையில் கிக்கரை ஓங்கி உதைத்தால் துருத்தூள் அரம் மாதிரி சிலிண்டரை உரசும். ஒட்டிய ரிங் முறிந்து துண்டு போர்ட்டுக்குள் மாட்டும். ஒரே உதையில் செலவு இரட்டிப்பாகும்.

உதைப்பதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். பிளக்கைக் கழற்றி டார்ச் விளக்கால் உள்ளே பார்க்கவும். டீசலும் எஞ்சின் ஆயிலும் சரிபாதி கலந்து இரண்டு மேஜைக்கரண்டி ஊற்றி, மூன்று நாள் விடவும். பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்க்கவும். அசைந்தால் நல்லது; அதற்காக முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டாம். அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றி மேலும் ஊற வைக்கவும். சுத்தியல் பக்கம் போகவே கூடாது. நான் சொல்லும் வண்டி ஐந்தாவது நாள் அசைந்தது. "அங்கிள், இப்போ ஒரே ஒரு கிக்" என்று அந்த வீட்டுப் பையன் கெஞ்சினான். கிக்கரைக் கழற்றி என் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ஜாவாவில் கிக்கரும் கியர் லிவரும் ஒன்றே என்பதால் இந்த வேலை சுலபம்.

எதையும் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் துடைத்துப் படித்து, ஆர்.சி. புத்தகத்தில் உள்ளவற்றோடு ஒப்பிட்டு, போட்டோ எடுத்து வைக்கவும். அலுமினியக் கேஸைப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்று பாலிஷ்காரர் பஃபிங் சக்கரத்தில் வைத்தால் எஞ்சின் எண் மங்கிப் போகும். அப்படி ஒரு வண்டியை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடி மாதிரி மின்னியது. எண் இருந்த இடமும் மின்னியது. அதை இனி எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காட்ட முடியாது. பாலிஷுக்குக் கொடுக்கும் முன் எண்ணின் மேல் தகடு வைத்து டேப் ஒட்டிக் கொடுக்கவும். கொடுக்காமலே இருந்தால் இன்னும் நல்லது.

எஞ்சினைப் பிரித்தபின் முதலில் சிலிண்டரை அளக்கவும். ஜாவா 250-இன் போர் 65 மி.மீ., ஸ்ட்ரோக் 75 மி.மீ. மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில், முன்பின்னாகவும் குறுக்காகவும் டயல் கேஜால் அளக்க வேண்டும். லேத் பட்டறைக்காரர் கையை விட்டுத் தடவிப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னால் வேறு பட்டறை பாருங்கள். எங்கள் வண்டியில் தேய்மானம் குறைவுதான். ஆனால் போர்ட்டுக்கு மேலே துருக்குழிகள் ஆழமாக இருந்ததால், அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் வரை போக வேண்டியதாயிற்று.

பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்ட பிறகே போர் செய்யக் கொடுக்க வேண்டும். டப்பாவில் அச்சிட்ட அளவை நம்பி முதலில் போர் செய்துவிட்டால், வரும் பிஸ்டன் லொடலொடக்கும். போர் செய்தபின் போர்ட் ஓரங்கள் கத்தி மாதிரி கூராக இருக்கும்; அவற்றை மெல்லிய கல்லால் மழுக்கச் சொல்லுங்கள். பல பட்டறைகளில் இதைச் செய்வதில்லை. புது ரிங் நூறு கிலோமீட்டருக்குள் முறிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ரிங் காடியில் சின்ன முளை ஒன்று இருக்கும். ரிங்கின் வாய் அதில் உட்கார வேண்டும். ரிங் சுற்றி வந்து அதன் முனை போர்ட்டில் மாட்டாமல் இருப்பதற்காகத்தான் அந்த முளை.

அடுத்தது கிராங்க். கனெக்டிங் ராடைப் பிடித்து நேர் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆடினாலும் கீழ்முனை போய்விட்டது என்று அர்த்தம். பக்கவாட்டில் சிறிது நகர்வது இயல்புதான். ஆடாவிட்டாலும், சுற்றும்போது மணல் அரைவது மாதிரி உணர்ந்தால் மாற்றியே ஆக வேண்டும். இந்தக் கிராங்க் பல துண்டுகளை அழுத்திச் சேர்த்தது. பிரஸ்ஸில் பிரித்து, புது பின்னும் உருளையும் போட்டு, மறுபடி சேர்த்தபின் வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜால் ஓட்டம் பார்க்க வேண்டும். மில்லிமீட்டரில் நூறில் இரண்டு மூன்று பங்குக்குள் இருப்பது நல்லது. செப்புச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்குவது பொறுமையுள்ளவர் செய்ய வேண்டிய வேலை. காசைப் பார்க்காமல் அப்படிப்பட்டவரைத் தேடுங்கள். மெயின் பேரிங்குகளின் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். அதைக் குறித்துக்கொண்டு நல்ல பேரிங் கடையில், சி-3 என்ற இடைவெளி உள்ளதாகக் கேட்டு வாங்கவும். கேஸை அடுப்பிலோ ஹாட் ஏர் கன்னாலோ ஒரே சீராகச் சூடாக்கி, மேலே தெளித்த தண்ணீர் சுர்ரென்று போகும் பதத்தில் வைத்தால் பேரிங் தானாக இறங்கும். அடித்து ஏற்றக்கூடாது.

இப்போது துருத்திக்கு வருவோம். கிராங்கின் இரு முனைகளிலும் ஒவ்வொரு ரப்பர் சீல் உண்டு. வலப்பக்கம் டைனமோ. அந்தச் சீல் கெட்டால் வெளிக்காற்று உள்ளே புகும். கலவை மெலியும், எஞ்சின் சூடேறும், ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் கவ்விப் பிடிக்கும். இடப்பக்கம் பிரைமரி செயின் ஓடும் அறை. அதில் கியர் ஆயில் இருக்கிறது. அந்தச் சீல் கெட்டால் கியர் ஆயில் கிராங்க் அறைக்குள் உறிஞ்சப்பட்டு, சைலன்ஸரில் வெள்ளைப் புகையாக வரும். பலர் கார்புரேட்டரை மாற்றி மாற்றிப் பார்த்துக் காசைக் கரைப்பது இந்த இரண்டு சீல்களை மறந்ததால்தான். பழைய சீல் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கல் மாதிரி இறுகியிருக்கும், யோசிக்காமல் மாற்றவும். அளவு சீல் மேலேயே இருக்கும். சுருள்கம்பி உள்ள பக்கம் கிராங்க் அறையைப் பார்த்திருக்க வேண்டும்.

எல்லாம் பூட்டியபின், பெட்ரோல் ஊற்றுவதற்கு முன், கசிவுச் சோதனை செய்யவும். இதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. வீட்டில் இருக்கும் பழைய இரத்த அழுத்தக் கருவி போதும். கார்புரேட்டர் வாயையும், ஜாவாவில் இரண்டாக இருக்கும் புகைப்போக்கி வாய்களையும் டியூப் ரப்பரும் தகடும் வைத்து இறுக்கி மூடவும். கார்புரேட்டர் பக்கத் தகட்டில் டியூப் வால்வு ஒன்றைப் பொருத்தி, அதில் கருவியின் ரப்பர் குழாயை மாட்டவும். பிளக் இருக்கட்டும். பல்பை அழுத்தி 300 மி.மீ. பாதரசம் வரை ஏற்றவும். இது சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. சீல்களுக்கு அதற்கு மேல் வேண்டாம். ஐந்தாறு நிமிடம் முள் அப்படியே நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். கேஸ் இணைப்பு, சிலிண்டர் அடி பேக்கிங், டைனமோ பக்கச் சீல், எங்கே குமிழி வருகிறதோ அங்கே கசிவு. எங்கும் குமிழி இல்லாமல் முள் இறங்கினால், கியர் ஆயில் ஊற்றும் துளையில் சோப்புப் படலம் வைத்துப் பாருங்கள். அது உப்பினால் இடப்பக்கச் சீல்தான்.

எங்கள் வண்டியில் முதல் சோதனையில் முள் அரை நிமிடத்தில் கீழே வந்துவிட்டது. புதுச் சீல், புதுப் பேக்கிங் எல்லாம் போட்டபிறகு இந்த நிலை. சிலிண்டர் அடியில் பழைய பேக்கிங்கின் ஒரு துணுக்கு சுரண்டப்படாமல் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். சோதனை செய்யாமல் ஓட்டியிருந்தால் புது பிஸ்டன் போயிருக்கும். அந்த வீட்டம்மா முழு நேரமும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது தடவை முள் 300-இல் நின்றபோது, "இந்த மிஷினில் அவருக்கு இப்படி ஒரு நாளும் நிலையாக நின்றதில்லை சார்" என்றார். அது அவர் கணவருக்குப் பிரஷர் பார்த்த கருவி.

பெட்ரோல் டேங்குக்குள் துரு நிச்சயம் இருக்கும். ஜல்லியைப் போட்டுக் குலுக்குவதை விட மின்பகுப்பு முறை நல்லது. பழைய பெட்ரோலை வடித்து, சோப்புத் தண்ணீரால் பலமுறை கழுவி ஆவி போனபின், லிட்டருக்கு ஒரு மேஜைக்கரண்டி சலவை சோடா கலந்த தண்ணீரை நிரப்பவும். டேங்கில் படாமல் ஓர் இரும்புக் கம்பியை உள்ளே தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவை அதற்கும் நெகட்டிவை டேங்குக்கும் கொடுக்கவும். எவர்சில்வர் கம்பி கூடவே கூடாது. நச்சான குரோமியம் உப்பு உண்டாகும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் மொட்டை மாடியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். சார்ஜரை அணைத்த பிறகே கிளிப்புகளைத் தொடவும். முடிந்தவுடன் கழுவி, உலர்த்தி, அன்றே உள்ளே எண்ணெய் பூசிவிட வேண்டும்.

சைலன்ஸரின் உட்குழாயில் படிந்த கரியைக் காஸ்டிக் சோடாவில் ஊற வைத்து எடுக்கலாம். அலுமினியப் பாகம் எதுவும் அந்த வாளியில் விழக்கூடாது, கரைந்துவிடும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கவும். ஒயரிங்கை முழுதும் புதிதாகப் போடுவது நல்லது. 6 வோல்ட்டை 12 ஆக்க வேண்டாம் என்பது என் கட்சி. பெயிண்டைப் பற்றி எழுத எனக்கு விஷயம் இல்லை. எஞ்சின் ஓடி ஒரு மாதம் ஆனபிறகு அடியுங்கள்.

உதிரி பாகங்களுக்கு மைசூரும் பெங்களூர் ஜே.சி. ரோடும் எங்களுக்குப் பக்கம். டில்லியில் இருப்பவர்களுக்குக் கரோல் பாக். ஊருக்குப் போகும்போது சென்னையில் ஜி.பி. ரோட்டையும் புதுப்பேட்டையையும் ஒரு சுற்று சுற்றலாம். எந்த ஊரானாலும் பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோகவும். போட்டோவை மட்டும் காட்டி வாங்கியவை பெரும்பாலும் திரும்பிப் போகின்றன.

காகித வேலை எஞ்சின் வேலைக்குக் குறைந்ததல்ல. உரிமையாளர் காலமாகிவிட்டால் வாரிசு பெயருக்கு மாற்றுவதற்குப் படிவம் 31. வேறு மாநிலத்தில் பதிவான வண்டி என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். அதற்குப் படிவம் 28. முதல் பதிவு நடந்து 50 வருடம் கடந்து, பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்கும் வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. கட்டணமாக அதில் விதித்தது புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. செல்லுபடி 10 வருடம். ஆனால் அப்படிப் பதிவு செய்த வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பழைய வண்டிப் பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுதல் இவற்றுக்குத்தான் அனுமதி. மார்க்கெட்டுக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கிவர நினைப்பவர்கள் சாதாரணப் பதிவைப் புதுப்பிக்க முடியுமா என்று தங்கள் ஊர் ஆர்.டி.ஓ.வில் முதலில் விசாரிக்கவும்.

எல்லா வண்டியையும் எழுப்பியே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கிராங்க் கேஸ் பிளந்து, பேரிங் உட்காரும் இடமும் உடைந்திருந்தால், அல்லது எண்ணும் ஆர்.சி.யும் பொருந்தாவிட்டால், துடைத்து எண்ணெய் பூசிக் கூடத்தில் நிறுத்திவிடலாம். அதுவும் மரியாதைதான்.

எஞ்சின் பேசத் தொடங்கியபின் முதல் 500 கிலோமீட்டருக்கு லிட்டர் பெட்ரோலுக்கு 50 மில்லி டூ-டி ஆயில், அதன்பின் 40 மில்லி. டேங்கில் தனித்தனியாக ஊற்றாமல், கேனில் கலந்து குலுக்கி ஊற்றவும். வேகம் 50-ஐத் தாண்ட வேண்டாம். அதைவிட முக்கியம், டாப் கியரில் மேடேறி எஞ்சினைத் திணறவிடாமல் இருப்பது. அரபைல் காட் போன்ற நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை முழுதும் மூடிக்கொண்டு இறங்கக்கூடாது. பெட்ரோல் போகாவிட்டால் எண்ணெயும் போகாது. அவ்வப்போது சற்றுத் திறந்துவிடவும். 30 கிலோமீட்டர் ஓடியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபிப்பொடி நிறம் நல்லது. வெள்ளையாக இருந்தால் மேலே ஓட்டாமல் நிறுத்தி, மறுபடியும் கசிவுச் சோதனை. அதிலும் முள் நின்றால் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கவும். 2025-இல் நாடெங்கும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் கலப்பதாகிவிட்டது. அது கலவையைச் சற்று மெலிய வைக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் அது ஊறி உப்ப வைக்கும், ஈரத்தையும் இழுக்கும். ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் ஓட்டாமல் நிறுத்துவதானால், டேங்கில் உள்ளதையும் கார்புரேட்டரில் உள்ளதையும் வடித்துவிட்டு நிறுத்தவும்.